6 லட்சம் தமிழர்களை வேலிக்குள் அடைத்தார்களா? மலாயா அவசரகாலச் (1948–60) சான்றுகளை எடைபோடுவது பற்றி ஓர் இழை

தோட்டத்துப் பேரன் | பிப்ரவரி 11, இரவு 9.52

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுத்துது: "1950ல் வெள்ளைக்காரன் 6,50,000 தமிழர்களைத் தோட்டங்களில் முள்வேலிக்குள் அடைத்தான். வரலாற்றுப் புத்தகங்கள் சீனர்களின் புதுக்கிராமங்களை மட்டும் பேசி நம்மை மறைத்துவிட்டன." அனுப்புறவங்க யாருக்கும் இந்த எண் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலை. உண்மையா? எந்தக் காகிதத்தைப் பார்த்தா தெரியும்?

செந்தூல்வாசி | பிப்ரவரி 11, இரவு 10.40

பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் முடித்துவிடலாம்.

இப்படி ஓர் எண் வந்தால் முதலில் மக்கள்தொகைக் கணக்கோடு மோதவிட்டுப் பார்க்கணும். 1947 கணக்கெடுப்பில் மலாயாவில் இந்தியர்கள் மொத்தமே ஏறத்தாழ 5,99,000 பேர். தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாரையும் சேர்த்து, பட்டணத்து வட்டிக்கடையையும் ரயில்வே குவார்ட்டர்ஸையும் சேர்த்து, தொட்டிலில் கிடந்த பிள்ளையையும் சேர்த்து. 6.5 லட்சம் தமிழரை அடைக்கணும்னா பிறக்காதவனையும் அடைத்திருக்கணும்.

ஆனால் அந்த எண் காற்றில் முளைத்ததல்ல. கம்யூனிஸ்ட் போராளிகளை அடக்க பிரிட்டிஷார் 1948ல் அறிவித்ததுதான் அவசரகாலம். போராளிகளுக்கு மக்களிடமிருந்து உணவும் உதவியும் போகாமல் தடுக்க ஜெனரல் பிரிக்ஸ் போட்ட பிரிக்ஸ் திட்டத்தில் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, காட்டோரம் குடியிருந்தவர்களைப் பெயர்த்துப் புதுக்கிராமங்களில் வைத்தது. மற்றது, தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒரே இடத்தில் சேர்த்து வேலி போட்டது. 6 முதல் 6.5 லட்சம் என்று எழுதப்படுவது இந்த இரண்டாவதற்கு. எல்லா இனத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் அதில் அடக்கம். எங்கேயோ ஒருத்தர் "தொழிலாளர்" என்பதை "தமிழர்" என்று மாற்றியிருக்கிறார்.

ஆயர் ஈத்தாம் அக்கா | பிப்ரவரி 12, காலை 7.15

தம்பி செந்தூல், அடுத்தவர் எண்ணைத் திருத்தப் போய் நீங்களே சறுக்கிட்டீங்க. 5,99,000 சிங்கப்பூரையும் சேர்த்தது. 1947 கணக்கெடுப்பு அறிக்கையில் "மலாயா" என்றால் கூட்டரசும் (இன்றைய தீபகற்ப மலேசியா) சிங்கப்பூரும் ஒன்றாக. கூட்டரசு மட்டும் 5,30,638. வேலி போட்டது கூட்டரசுத் தோட்டங்களில்தானே?

செந்தூல்வாசி | பிப்ரவரி 12, காலை 8.02

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. மேலே உள்ளதை அழிக்க மாட்டேன், தப்பு தெரியட்டும். 5.3 லட்சம் என்றால் வாட்ஸ்அப் செய்தி இன்னும் பலமாக விழுகிறது. 1957 கணக்கெடுப்பில்கூட கூட்டரசில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 லட்சம்தான்.

இந்தக் காலத்து எந்த அட்டவணையை எடுத்தாலும் முதலில் எல்லையைப் பாருங்கள்: கூட்டரசா, சிங்கப்பூரும் சேர்ந்ததா, அல்லது போருக்கு முந்திய நீரிணைக் குடியேற்றமா (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா). பினாங்கு மூன்றிலுமே வேறு வேறு இடத்தில் வந்து உட்காரும்.

தோட்டத்துப் பேரன் | பிப்ரவரி 12, மதியம் 1.20

சரிண்ணே. அப்போ புத்தகங்கள் நம்மை மறைச்சிட்டதுங்கிறதும் பொய்யா?

செந்தூல்வாசி | பிப்ரவரி 12, இரவு 11.05

அந்தப் பாதிதான் உண்மை. ஆனால் யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு மறைத்ததல்ல, காகிதம் உருவான விதம் அப்படி.

புவியியலாளர் கெர்னியல் சிங் சந்து 1964ல் எழுதிய கட்டுரையின் கணக்குப்படி 480 புதுக்கிராமங்களில் ஏறத்தாழ 5,73,000 பேர். சீனர் 86 விழுக்காடு, மலாய்க்காரர் 9, இந்தியர் 4. ஆக, புதுக்கிராமங்களில் நம் ஆட்கள் ஏறத்தாழ 23,000. மற்றவர்களை அங்கே தேடினால் கிடைக்க மாட்டார்கள். தோட்டத்து வேலிக்குள் தேடணும்.

புதுக்கிராமம் அரசாங்கச் செலவு. நில அலுவலகம் காணி அளக்கும், பொதுப்பணித் துறை சாலையும் வேலியும் போடும், வட்டார அதிகாரி குடும்பத்துக்கு எவ்வளவு உதவித்தொகை என்று எழுதுவார், செஞ்சிலுவைத் தாதி ஊசி போட்டதை எழுதுவார். ஒரு குடும்பம் இடம் மாறினால் நாலு அலுவலகத்தில் நாலு காகிதம் இருக்கும்.

தோட்டத்தில் லயத்தைப் பிரித்து வேறு இடத்தில் கட்டுவதும் வேலி போடுவதும் முதலாளி தலையில் விழுந்தது. துரை (தோட்ட மேலாளர்) லண்டன் அலுவலகத்துக்குச் செலவுக் கணக்கு எழுதினார், கிராணி (தோட்ட எழுத்தர்) செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஆள் பெயரை எழுதினார். அரசாங்கத்துக்குப் போனது ஒரு வரித் தகவல். பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் வந்தபோது ஆபீசோடு அந்தப் புத்தகங்களும் போயின. கரையான் தின்றது போக மிஞ்சியது அடுப்புக்கு. ஆவணக் காப்பகத்தில் சீனர் கோப்பு பத்து இருந்தால் நம் கோப்பு ஒன்று இருக்கும். ஆய்வாளர் காகிதம் இருக்கும் இடத்தைத்தான் எழுதுவார்.

ஆயர் ஈத்தாம் அக்கா | பிப்ரவரி 13, காலை 6.50

"1950ல்" என்ற சொல்லையும் விட்டுடாதீங்க. பிரிக்ஸ் பொறுப்பேற்றது 1950 ஏப்ரல். திட்டம் ஜூன் 1ஆம் தேதி ஜொகூரில் ஆரம்பிச்சு வடக்கு நோக்கி நகர்ந்தது. ஒரு கெடா தோட்டத்தை 1950 ஜூனிலேயே "பிரிக்ஸ் திட்டத்தில்" வேலி போட்டாங்கன்னு யாராவது எழுதினா சந்தேகப்படணும். ஆனா பொய்யுன்னு உடனே முத்திரை குத்தவும் கூடாது. 1948 ஜூன் 16ல் சுங்கை சிப்புட்டில் மூணு தோட்ட அதிகாரிகள் சுடப்பட்ட பிறகு பல துரைமார் தங்கள் பங்களாவையும் ஸ்டோரையும் தாங்களே வேலி கட்டிக்கிட்டாங்க. பங்களாவைச் சுத்தின வேலியா, லயத்தைச் சுத்தின வேலியான்னு கேளுங்க. இரண்டும் வேற வேற வேலி.

செந்தூல்வாசி | பிப்ரவரி 13, இரவு 9.30

"இந்த எண் பத்துப் புத்தகத்தில் இருக்கிறது" என்று தனிச்செய்தியில் வாதாடுபவருக்கு இங்கேயே பதில். பத்தும் ஒன்றையே பார்த்து எழுதியிருந்தால் அது ஒரு சான்றுதான்.

அவசரகாலத்தின் அதிகாரபூர்வ எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம்: போராளிகள் 6,710 பேர் கொல்லப்பட்டனர், 1,287 பேர் பிடிபட்டனர், 2,702 பேர் சரணடைந்தனர், பொதுமக்கள் 2,478 பேர் இறந்தனர், 810 பேர் காணாமல் போயினர். பல நூல்களில் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும். இந்த ஒற்றுமையைப் பார்த்து உறுதி என்று நினைக்கிறோம். நான்கு கிராணிகள் தனித்தனியாக எண்ணினால் கடைசி இலக்கம் ஒத்துப்போகாது. ஒத்துப்போனால் ஒருத்தரைப் பார்த்து மற்ற மூவர் எழுதியிருக்கிறார்கள்.

நாளேடுகளுக்கும் இதே சோதனைதான். ஒரு சண்டைச் செய்தியை மூன்று தாளில் எடுத்து வரிசையாக வையுங்கள். எத்தனை பேர், என்னென்ன ஆயுதம், எந்தத் தோட்டம் என்ற வரிசை மூன்றிலும் ஒன்றாக வந்தால் அது தகவல் துறை கொடுத்த அறிக்கை. தமிழ்த் தாளில் மட்டும் கூடுதலாக ஒரு பெயரோ, ஆள் இந்தியாவில் எந்த ஊர் என்பதோ இருந்தால், அந்த ஒரு வரிதான் புதுச் சான்று. அதைத் தனியாக எழுதி வையுங்கள்.

ராஜாவீதி | பிப்ரவரி 14, மாலை 5.11

பத்தாங் காலிதானே இதுக்குச் சரியான பாடம்?

செந்தூல்வாசி | பிப்ரவரி 15, காலை 10.25

ஆமாம். 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். மறுநாள் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் வெளியிட்டது என்ன? 26 கொள்ளையரில் (போராளிகளுக்கு அரசாங்கம் வைத்த பெயர்) 25 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர், பெரிய வெற்றி. அந்த 25ல் ஒருவர் மயங்கி விழுந்து உயிர் பிழைத்தவர். செத்தவர் எண்ணிக்கையிலேயே ஓர் உயிருள்ள ஆள்! அந்த வாரத்துத் தாளை மட்டும் படித்து "கொள்ளையர் சாவு" பத்தியில் ஒருவர் கூட்டல் போட்டிருந்தால்?

சான்றுகளை நடந்த வரிசையில் அல்ல, எழுதப்பட்ட வரிசையில் அடுக்குங்கள். 1948 டிசம்பரில் செய்தி. 1949 ஜனவரியில், தப்பியோட முயன்றார்கள் என்ற அரசாங்க விளக்கம். அதே மாதம் 27ஏ என்ற புது அவசரகால விதி: தப்பிப்பதைத் தடுக்கச் சுடலாம், முன்பு சுட்டதும் செல்லும். 1970ல் ஒரு லண்டன் வார ஏட்டில் முன்னாள் படையினரின் வாக்குமூலம். அதே ஆண்டு ஆட்சி மாறி, தொடங்கிய போலீஸ் விசாரணை நின்றது. 2015ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது.

அரசாங்க விளக்கத்தையும் அந்த விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பாருங்கள். பின்னோக்கிச் செல்லும் சட்டம் எழுதினார்கள் என்றால், எழுதியவர் மனதில் எந்தச் சம்பவம் இருந்தது என்று ஆராய வேண்டும். அரசிதழ் வறண்ட சான்று, ஆனால் தேதியில் பொய் சொல்லாது.

ராஜாவீதி | பிப்ரவரி 15, மதியம் 12.40

முக்கியமானதை எல்லாம் எரிச்சிட்டாங்களே. 1961ல் காலனி அமைச்சர் மக்லியோட் போட்ட உத்தரவு...

செந்தூல்வாசி | பிப்ரவரி 15, மதியம் 12.58

1957ல் சுதந்திரம் வாங்கிய நாட்டுக்கு 1961 உத்தரவு எப்படி வரும் சார்? அது பிறகு விடுதலையான ஆப்பிரிக்க நாடுகளுக்கும் மற்றவற்றுக்கும். இரண்டையும் குழப்பி நிறையப் பேர் எழுதுகிறார்கள்.

இங்கே எரித்தது அதற்கு முன்பே. 1957ல் கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரி நிறையக் காகிதம் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குப் போய் அங்கிருந்த உலையில் சாம்பலானது. இதை நமக்குச் சொன்னதும் ஒரு கோப்புதான். கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சி பற்றிய வழக்கில் 2011ல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சு ஒளித்து வைத்திருந்த காலனிக் கோப்புகள் வெளிப்பட்டன. 2012 முதல் 2013 வரை தவணை தவணையாக லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. எஃப்.சி.ஓ. 141 என்ற வரிசை அது, மலாயாவும் சிங்கப்பூரும் அதில் உண்டு.

எரிந்ததைப் பற்றிப் புலம்புவதோடு நிறுத்தக்கூடாது. ஒரு கடிதம் எழுதினால் ஒரு படி இங்கே, ஒரு படி லண்டன் காலனி அலுவலகத்தில். இங்கே எரிந்தது அங்கே சி.ஓ. 537, சி.ஓ. 717, சி.ஓ. 1022 வரிசைகளில் கிடக்கலாம். லண்டனுக்கு அனுப்பாத வட்டார அளவுக் காகிதம்தான் உண்மையான இழப்பு. நம் தோட்டத்துக் கதை பெரும்பாலும் அந்த அளவில்தான் இருந்தது.

செந்தூல்வாசி | பிப்ரவரி 16, இரவு 8.44

கோப்பு கைக்கு வந்ததும் என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள்.

முதலில் அட்டையைப் படம் எடுங்கள், வரிசை எண்ணும் தலைப்பும் தேதி வரம்பும் தெரிய. அடுத்து இடப்பக்கக் குறிப்புத் தாள். வலப்பக்கம் கட்டியிருக்கும் கடிதங்கள் ஊருக்குக் காட்டுவது. அதிகாரிகள் தங்களுக்குள் கையால் கிறுக்கியது இடப்பக்கத்தில் இருக்கும். "இந்த எண்ணை நான் நம்பவில்லை, ஆனாலும் அனுப்பலாம்" என்பது போன்ற வரி கிடைத்தால் இங்கேதான் கிடைக்கும். அவசரத்தில் வலப்பக்கத்தை மட்டும் படம் எடுத்து வீடு திரும்புவது புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு.

பிறகு மேல் மூலையில் உள்ள தாள் எண்களை ஒன்றிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். 14க்குப் பிறகு 17 வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு சீட்டு இருந்தால், சட்டப்படி தடுத்து வைத்திருக்கிறார்கள், பிறகு கேட்டால் திறக்க வாய்ப்புண்டு. சீட்டும் இல்லாமல் எண் தாவினால் களையெடுத்தது. காணாமல் போன தாளின் சுருக்கம் பெரும்பாலும் குறிப்புத் தாளில் ஒரு வரியாக இருக்கும்.

தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலைப் போடுங்கள். தெலுக் இந்தான் என்று தேடினால் ஒன்றும் வராது, தெலுக் ஆன்சன் என்று தேடணும். கிள்ளான் துறைமுகம் அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம். தோட்டத்துக்கு மூன்று பெயர் இருக்கும்: கம்பெனிப் பெயர், மலாய் இடப்பெயர், நம் ஆட்கள் துரை பெயரையோ கோயிலையோ வைத்துக் கூப்பிட்ட பெயர். தாத்தா சொல்லும் பெயர் மூன்றாவது. அதைப் பட்டியலில் தேடி இல்லையென்று சோர்ந்து போகாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா | பிப்ரவரி 16, இரவு 9.30

சொல்லும் மாறும். 1952 வரை "பண்டிட்", கொள்ளையன். அதன்பிறகு உத்தரவு போட்டு "கம்யூனிஸ்ட் பயங்கரவாதி", சுருக்கமா சி.டி. ஒரு சொல்லை மட்டும் தேடினா பாதிக் காலம் காலியாத் தெரியும். அப்போ சண்டையே நடக்கலைன்னு தோணும்.

1949ல் கம்யூனிஸ்டுகள் தங்க படைக்கு வச்ச பேரும் அப்படித்தான். சீனத்தில் "மின்சூ" என்ற சொல்லை ஆங்கிலத்தில் "இனங்கள்" என்று பெயர்த்து "மலாயா இனங்களின் விடுதலைப் படை" ஆக்கிட்டாங்க. அவங்க சொன்னது "தேசிய". ஒரே ஒரு சொல். ஆனா தேசத்துக்காகப் போராடறோம்னு ஒருத்தன் சொன்னதை, இனங்களுக்காகன்னு படிச்சுக்கிட்டு ஆய்வு எழுதினவங்க எத்தனை பேர்!

தோட்டத்துப் பேரன் | பிப்ரவரி 18, இரவு 10.10

ஒரு சொந்தக்காரர் வீட்டில் பழைய செக்ரோல் சில பக்கம் இருக்கு, 1951, 52. ஆள் பேரும் கோடும்தான். இதில் என்ன தெரியப் போகுது?

செந்தூல்வாசி | பிப்ரவரி 18, இரவு 10.31

தம்பி, அதை எந்தப் பிளாஸ்டிக் உறையிலும் போடாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள்! சாதாரண வெள்ளைத் தாள்களுக்கு இடையே வையுங்கள். இன்றிரவே இரண்டு பக்கமும் படம் எடுங்கள், ஓரத்தில் ஓர் அடிக்கோலை வைத்து. பின்பக்கப் பென்சில் கிறுக்கலையும் விடாதீர்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

செந்தூல்வாசி | பிப்ரவரி 19, இரவு 9.15

செக்ரோல் ஏன் தங்கம் என்றால், அதை எழுதிய கிராணிக்கு வரலாற்றைப் பற்றிக் கவலை இல்லை. சம்பளம் சரியாக வரணும், அவ்வளவுதான். யாரையும் நம்பவைக்க எழுதாத காகிதம்.

விடியற்காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டு வந்தவருக்குக் கோடு, வராதவருக்குச் சுழி. பார்க்க வேண்டியவை:

ஒரே நாளில் ஒரு லயமே வரவில்லை, மறுநாள் எல்லாரும் வந்தார்கள் என்றால் சோதனையோ முழுநாள் ஊரடங்கோ. ஒருவர் மட்டும் மாத நடுவில் நின்று திரும்பவே இல்லை என்றால் நாலு வழி: ஊருக்குப் போனார், வேறு தோட்டம் போனார், தடுப்புக் காவல், காடு (போராளிகளோடு சேர்ந்தார்). சம்பளப் பத்தியைப் பாருங்கள். கணக்கு முடித்துக் கொடுத்திருந்தால் முதல் இரண்டில் ஒன்று. பாக்கி அப்படியே நின்றால் மற்ற இரண்டு. வரிசை எண்கள் ஒரு மாதத்தில் மொத்தமாக மாறியிருந்தால் ஆட்களை வேறு லயத்துக்கு மாற்றி எழுதியிருக்கலாம். வேலிக்குள் சேர்த்த மாதம் அதுதானா என்று வட்டார அலுவலகக் கோப்போடு ஒத்துப் பாருங்கள்.

ஸ்டோரில் ரப்பர் பால் எடை போட்ட புத்தகமும் கிடைத்தால் இன்னும் நல்லது. ரப்பர் மரம் விடியுமுன் வெட்டினால் நன்றாகச் சுரக்கும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் இறங்கி ஒழுக்கு குறையும். ஊரடங்கால் கேட் திறக்க நேரமானால் வெட்டு தாமதம், பால் குறைவு. "ஊரடங்கு கடுமையாக அமலானது" என்று அதிகாரி எழுதியது நிஜமா என்பதை மரம் சொல்லிவிடும். அதிகாரிக்கும் கட்சிக்கும் பயப்படாத சாட்சி.

ஆயர் ஈத்தாம் அக்கா | பிப்ரவரி 20, காலை 7.05

மரம் பொய் சொல்லாது தம்பி, ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை இலையுதிர்க்கும்! பிப்ரவரி, மார்ச்சில் பால் தானா இறங்கும். அதை ஊரடங்கு கணக்கில் எழுதிடாதீங்க. முந்தின வருஷத்து அதே மாசத்தோட ஒப்பிடணும். மழை நாள் வேற இருக்கு. மெட்ரோலாக் (பாலில் ரப்பர் எவ்வளவுன்னு காட்டும் கருவி) போட்டு உலர்ந்த ரப்பர் எவ்வளவுன்னு எழுதியிருந்தா அதை எடுங்க. பால் அளவை மட்டும் எடுத்தா வாளியில் தண்ணி ஊத்தினவனும் கணக்கில் வந்துடுவான்.

1951க்கு இன்னொரு சிக்கல். கொரியா போரால் ரப்பர் விலை ஏறிக் கிடந்த நேரம். மரத்தைப் போட்டு வெட்டியிருப்பாங்க. அதனால 1951ஐ அடிப்படை வருஷமா வச்சா 1952 விழுந்த மாதிரித்தான் தெரியும்.

செந்தூல்வாசி | பிப்ரவரி 20, காலை 7.48

இலையுதிர்வை மறந்தது வெட்கம். நானும் ஒன்று சேர்க்கிறேன்: கடிகாரம். அந்தக் காலத்து மலாயா நேரம் இன்றையதை விட அரை மணி பின்னால், 1982 ஜனவரியில்தான் மாற்றினார்கள். அப்போதைய காலை 6 மணி இன்றைய 6.30. ஊரடங்கு தளர்வு 6 மணி என்று படித்துவிட்டு இன்றைய இருட்டை நினைத்துக்கொண்டு எழுதினால் அரை மணி வெளிச்சத்தைத் தொலைத்துவிடுவோம்.

ராஜாவீதி | பிப்ரவரி 21, மாலை 6.20

உணவுத் தடை பற்றியும் சொல்லுங்க. தொழிலாளி மதியச் சோற்றைக்கூட வெட்டுக்குக் கொண்டு போக முடியலைன்னு சொல்றாங்க.

செந்தூல்வாசி | பிப்ரவரி 22, இரவு 10.00

இங்கே மூன்று அடுக்கைப் பிரிக்கணும்: எழுதிய உத்தரவு, கேட்டில் நடந்தது, காட்டுக்குள் விளைந்தது. பெரும்பாலான நூல்கள் முதல் அடுக்கைப் படித்துவிட்டு மூன்றாவதை முடிவாக எழுதுகின்றன.

உத்தரவு அரசிதழிலும் வட்டார அறிவிப்பிலும் கிடைக்கும்: அரிசிப் பங்கீடு, டின்னை விற்கும்போதே ஓட்டை போடுவது, வேலிக்கு வெளியே உணவு எடுத்துச் செல்லத் தடை. கேட்டில் நடந்ததற்குத் தொழிலாளர் துறை அதிகாரியின் வருகைக் குறிப்பு, சங்கத்தின் புகார்க் கடிதம், வாய்மொழி. பெண்களைச் சோதித்த விதம் பற்றிய புகார் உத்தரவில் இருக்காது, இங்கேதான் இருக்கும். விளைவுக்குச் சரணடைந்தவர்களின் வாக்குமூலம்.

கடைசியில்தான் ஜாக்கிரதை வேண்டும். "பசி தாங்காமல் வந்தேன்" என்று சொன்னவர் யாரிடம் சொன்னார்? தன்னைத் தூக்கில் போடவோ விடவோ முடிந்தவரிடம். கொள்கையால் மனம் மாறினேன், கமிஸாரோடு (படையில் இருந்த கட்சி அதிகாரி) சண்டை, காதலியோடு ஓடி வந்தேன் என்பதையெல்லாம்விடப் பசி பாதுகாப்பான பதில். அமெரிக்க ஆய்வாளர் லூசியன் பை சரணடைந்த 60 பேரைப் பேட்டி கண்டு 1956ல் எழுதினார். நல்ல வேலை, ஆனால் சரணடையாதவன் அதில் பேசவே இல்லை, நம் ஆட்களின் குரலும் இல்லை.

தஞ்சோங் மாலிம் சம்பவம் இன்னொரு மாதிரி. 1952 மார்ச்சில் பதுங்கித் தாக்குதல் நடந்த பிறகு பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் அந்த ஊருக்கு நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசியைக் குறைத்து, வீட்டுக்கு வீடு ரகசியக் கேள்வித் தாள் கொடுத்தார். வயிற்றில் அடித்துவிட்டு "தகவல் சொல்" என்று வாங்கிய காகிதத்தில் உண்மையும் இருக்கும், பக்கத்து வீட்டுப் பகையும் இருக்கும். "மக்களின் மனங்களை வென்றார்" என்ற வாசகத்தை இந்த ஊரில் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

ஆயர் ஈத்தாம் அக்கா | பிப்ரவரி 23, மதியம் 2.30

எதிர்த் தரப்பையும் அப்படியே விழுங்கக் கூடாது. டெம்ப்ளருக்கு முந்தின உயர் ஆணையர் கர்னி 1951 அக்டோபர் 6ல் ஃபிரேசர் மலைச் சாலையில் கொல்லப்பட்டதைப் பெரிய திட்டம்னு ரொம்ப நாள் எழுதினாங்க. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் பிறகு சொன்னது, படை வண்டிக்காகக் காத்திருந்தோம், அவர் வந்து மாட்டினார் என்று. 1999ல் கான்பெராவில் வரலாற்றாசிரியர்கள் அவரை உட்காரவச்சுக் குறுக்குக் கேள்வி கேட்டாங்க; அந்தப் பதிவுக்கு என் மதிப்பு அதிகம், 2003ல் வந்த தன்வரலாற்றுக்குக் கொஞ்சம் குறைவு. எதிரில் கோப்போட ஆள் உட்கார்ந்திருந்தா நினைவு ஒழுங்கா வேலை செய்யும்.

ராஜாவீதி | பிப்ரவரி 23, மாலை 4.00

தொழிற்சங்கத் தலைவர்கள் கணபதியையும் வீரசேனனையும் தூக்கில் போட்டதைப் பற்றி யாரும் எழுதலையே?

செந்தூல்வாசி | பிப்ரவரி 23, மாலை 4.35

தூக்கில் போட்டது எஸ்.ஏ. கணபதியை, 1949 மே 4, புடு சிறையில். வீரசேனன் அதற்கு முதல் நாள் பாதுகாப்புப் படையால் சுடப்பட்டார். அடுத்தடுத்த நாள் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். நம் மேடைப் பேச்சுகளில் இது அடிக்கடி வரும்.

கணபதி வழக்குக்கு மூன்றாவது காப்பகம் ஒன்று உண்டு, டெல்லி. அவரைக் காப்பாற்ற இந்திய அரசு முயன்றது, அப்போது இங்கே இந்தியாவின் பிரதிநிதி ஜான் திவி. இங்கே எரிந்தாலும் லண்டனில் பூட்டினாலும் டெல்லிக்குப் போன கடிதம் அங்கே இருக்கும். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் வெளியுறவுத் துறைக் கோப்புகளைத் தேடுங்கள்.

வழக்கு ஆவணத்தைப் படிக்கும்போது ஒன்று: துப்பாக்கி வைத்திருந்தால் கட்டாய மரண தண்டனை என்பது அப்போதைய விதி. ஆகவே ஏன் வைத்திருந்தார் என்பதை அந்த நீதிமன்றம் ஆழமாகத் தேடியிருக்காது. தீர்ப்பில் நோக்கம் இல்லையென்றால் நோக்கமே இல்லை என்று பொருளல்ல.

செந்தூல்வாசி | பிப்ரவரி 24, காலை 8.20

படத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. 1952 ஏப்ரலில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த டெய்லி வொர்க்கர் ஏடு, மலாயாவில் பிரிட்டிஷ் படைவீரர் ஒருவர் வெட்டிய தலைகளோடு நிற்கும் படத்தைப் போட்டது. போலி என்றார்கள். மே மாதமே காலனி அமைச்சர் லிட்டல்டன் நாடாளுமன்றத்தில் உண்மை என்று ஒப்புக்கொண்டார். நாடாளுமன்றப் பதிவுகள் இணையத்தில் இலவசம். கட்சி ஏடு என்பதற்காகப் படத்தைத் தள்ளவும் வேண்டாம், அரசாங்க மறுப்பு என்பதற்காக ஏற்கவும் வேண்டாம். மறுத்தவர் அடுத்த மாதம் என்ன சொன்னார் என்று பாருங்கள்.

தோட்டத்துப் பேரன் | பிப்ரவரி 25, இரவு 9.40

பாட்டிக்கு 88 வயசு. எப்படிக் கேக்கணும்?

ஆயர் ஈத்தாம் அக்கா | பிப்ரவரி 25, இரவு 10.15

"வேலிக்குள்ள அடைச்சாங்களா பாட்டி?"ன்னு கேக்கக் கூடாது. ஆமான்னுதான் வரும். "கேட் எந்தப் பக்கம்? சாவி யார் கையில? கிணறு உள்ளேயா வெளியேயா? ஆடு மாடு எங்க கட்டுனீங்க?" இப்படிக் கேளுங்க. ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து லயத்தை வரையச் சொல்லுங்க. வருஷம் கேக்காதீங்க. ஜப்பான்காரன் போன பிறகு எத்தனை தீபாவளி, மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரம்) முந்தியா, அப்போ இடுப்பில் எந்தப் பிள்ளை, அதுதான் பாட்டியின் காலண்டர். ஜப்பான்காலப் பசியும் அவசரகாலப் பசியும் ஒண்ணாக் கலந்து வரும். மரவள்ளிக்கிழங்கு வந்தா பெரும்பாலும் முந்தினது; சோறு இருந்தும் கேட்டைத் தாண்டலைன்னா பிந்தினது. குறுக்கே பேசாதீங்க. ரெண்டாவது நாள் அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்க.

தோட்டத்துப் பேரன் | பிப்ரவரி 28, இரவு 11.02

பாட்டி வரைஞ்சதில் கிணறு வேலிக்கு வெளியே. கேட் ஸ்டோர் பக்கம். சாவி ஸ்பெஷல் கான்ஸ்டபிள் கையில், காலையில் கேட்டைத் திறக்க லேட்டாகும்னு சொன்னாங்க. செக்ரோலில் 1951 செப்டம்பரில் எல்லாருடைய எண்ணும் மாறியிருக்கு. வாட்ஸ்அப் குழுவுக்கு இப்படி அனுப்பலாமா: "1950 முதல் சில ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் எல்லா இனத் தொழிலாளர்களும் குடும்பங்களுமாக 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலிக்குள் அடைக்கப்பட்டனர். தமிழர்கள் அதில் பெரும் பங்கு."

ஆயர் ஈத்தாம் அக்கா | மார்ச் 1, காலை 6.45

"அடைக்கப்பட்டனர்" வேண்டாம், காலையில் வேலைக்கு வெளியே விட்டாங்களே.

செந்தூல்வாசி | மார்ச் 1, காலை 7.10

அரசாங்கச் சொல் "ஒன்றுசேர்க்கப்பட்டனர்". அதையும் போட முடியாது அக்கா, கிணறு வெளியே இருக்கிறதே. "வேலிக்குள் குடிவைக்கப்பட்டனர், இரவில் வெளியேற முடியாது" என்று போடுங்கள் தம்பி. செக்ரோல் படம் இரண்டாவது பக்கம் மங்கல், பகல் வெளிச்சத்தில் திரும்ப எடுங்கள்.